யார் எந்த வரிசையைப் பார்க்கலாம்?

2014ஆம் ஆண்டின் இறுதியில் ஊபர் நிறுவனத்தைப் பற்றி ஒரு செய்தி வெளிவந்தது. நகரத்தில் ஓடும் கார்களையும் அவற்றில் போகும் பயணிகளையும் அந்தந்த நொடியில் வரைபடத்தில் காட்டும் ஒரு திரை அந்த நிறுவனத்துக்குள் இருந்தது. 'காட் வியூ' என்று அதற்குப் பெயர். நியூயார்க் கிளையின் மேலாளர், தம்மைச் சந்திக்க வந்துகொண்டிருந்த ஒரு பத்திரிகையாளரின் பயணத்தை அவரிடம் கேட்காமலே அதில் பார்த்துக்கொண்டிருந்தார். அலுவலக ஊழியர்கள் பலருக்கு அந்தத் திரை எளிதாகத் திறந்தது. விவகாரம் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலிடம் போய், 2016 ஜனவரியில் ஓர் உடன்பாட்டில் முடிந்தது. பயணிகளின் இருப்பிடத் தகவலை, வேலைக்கு உண்மையிலேயே தேவைப்படும் ஊழியருக்கு மட்டும் திறப்பதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் இன்னொரு குறையைச் சொன்னது. ஊழியர்கள் யாருடைய தகவலைப் பார்க்கிறார்கள் என்று கண்காணிக்க 2014 டிசம்பரில் ஒரு தானியங்கி முறையை உருவாக்கிய நிறுவனம், ஓராண்டு முடிவதற்குள் அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது என்பது அந்தக் குற்றச்சாட்டு.

இதில் யாரும் பூட்டை உடைக்கவில்லை, கடவுச்சொல்லைத் திருடவில்லை. திரை கட்டப்பட்டபடியே வேலை செய்தது. வணிகப் பகுப்பாய்வு டாஷ்போர்டுகளைப் பொறுத்தவரை என் கவலை எல்லாம் இந்த வகைத் தவறைப் பற்றியதுதான். விற்பனை, சம்பளம், கடன் நிலுவை, நோயாளிப் பதிவு என எல்லாம் ஒரே தரவுக் கிடங்கில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து வண்ணப் படங்களாகத் திரைக்கு ஏறுகின்றன. யார் எதைப் பார்க்கலாம் என்பதற்கு ஏதோ ஒரு விதி எல்லா நிறுவனங்களிலும் இருக்கத்தான் செய்கிறது. அந்த விதி எந்த இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. திரையில் எழுதப்பட்ட விதி அந்தத் திரையை மட்டுமே காக்கும். அதே தரவுக்குப் போகும் மற்ற வழிகளை அது அறியாது. விதி தரவுக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. இது புதிய யோசனையும் இல்லை. ஐம்பது ஆண்டுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டு, டாஷ்போர்டுகளின் வேகத்தில் மறக்கப்பட்ட ஒன்று.

அடிப்படை போட்டவர்கள்

1971இல் பட்லர் லாம்ப்சன் இந்தப் பிரச்சினைக்கு ஒரு வடிவம் கொடுத்தார். ஒரு பக்கம் ஆட்கள், இன்னொரு பக்கம் பொருள்கள், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் அனுமதி. இன்று எந்த அட்மின் பக்கத்தைத் திறந்தாலும் கண்ணில் படும் டிக் பெட்டிகளுக்கு மூலம் அதுதான். 1974இல் பெர்க்லியில் இங்க்ரெஸ் தரவுத்தளத்தைக் கட்டிக்கொண்டிருந்த மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் இன்னும் நுட்பமான வழியைச் சொன்னார்கள். பயனர் என்ன கேட்டாலும், அவர் பார்க்கத் தகுந்த பகுதி எது என்ற நிபந்தனையை அமைப்பே அந்தக் கேள்வியோடு சேர்த்துவிடும். 'எல்லாச் சம்பளத்தையும் காட்டு' என்று ஒரு துறைத் தலைவர் கேட்டால், 'இவருடைய துறைக்குள்' என்ற கட்டு தானாக ஒட்டிக்கொள்ளும். கேட்டவர் தப்பிக்க வழியில்லை, ஏனென்றால் கேள்வியைத் திருத்துவது தரவுத்தளமே. வரிசை அளவிலான பாதுகாப்பு என்று இன்று நாம் பேசுவது முழுக்க இந்த யோசனைதான். ஆரக்கிள் 1999இல் தன் '8i' பதிப்பில் இதைக் கொண்டுவந்தது. போஸ்ட்கிரெஸ் 9.5 பதிப்பும் மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரும் 2016இல்தான் கொண்டுவந்தன. நல்ல யோசனை ஒன்று நடைமுறைக்கு வர இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

1975இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் கணினிப் பாதுகாப்புக்கு எட்டு நெறிகளைத் தொகுத்தார்கள். டாஷ்போர்டு வேலைக்கு அவற்றில் மூன்று உயிரானவை. ஒருவருக்கு வேலைக்குத் தேவையான அளவே அனுமதி. எதுவும் சொல்லப்படாதபோது கதவு மூடியே இருப்பது. ஒவ்வொரு முறை தரவைத் தொடும்போதும் அனுமதியைச் சரிபார்ப்பது. அடுத்த ஆண்டு ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் தரவுத்தளத் திட்டத்தில் பாட்ரிசியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்ட் வேடும், கொடுத்த அனுமதியைத் திரும்ப எடுப்பது எப்படி என்ற கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கொடுத்த அனுமதியை அவர் இன்னொருவருக்குக் கொடுத்திருந்தால், முதலாமவருடையதைப் பறிக்கும்போது இரண்டாமவருடையதும் போக வேண்டும்; வேறொருவரிடமிருந்தும் அவர் தனியாக அனுமதி பெற்றிருந்தால் ஒழிய. கொடுப்பதைவிடத் திரும்ப எடுப்பதே கடினம் என்பதை அந்தக் கட்டுரை அன்றே காட்டியது.

பிறகு வந்தது பொறுப்பு சார்ந்த அனுமதி. 1992இல் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தின் டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குன்னும் அதை முறைப்படுத்தினார்கள். ஆளுக்கு அனுமதி தராமல் பதவிக்குத் தருவது. கணக்காளர் வேறு வேலைக்குப் போனால் பதவியை மாற்றினால் போதும், நூறு டிக் பெட்டிகளைத் தேட வேண்டாம். அலுவலகங்கள் இதை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. ஆனால் பகுப்பாய்வுத் தரவில் பதவி மட்டும் போதுவதில்லை. 'மண்டல விற்பனை மேலாளர்' என்ற பதவி அவர் எந்த ரிப்போர்ட்டைத் திறக்கலாம் என்று சொல்லும். எந்த மண்டலம் என்று சொல்லாது. மண்டலத்துக்கு ஒரு பதவி, பொருள் வகைக்கு ஒரு பதவி, இரண்டின் சேர்க்கைக்கும் ஒரு பதவி என்று உருவாக்கத் தொடங்கினால், ஊழியர்களைவிடப் பதவிகள் பெருகிவிடும். பதவி கதவைத் திறக்கட்டும், எந்த வரிசைகள் என்பதை அவருடைய மண்டலம், துறை, கிளை ஆகிய விவரங்கள் முடிவு செய்யட்டும் என்ற கலப்பு முறைதான் இன்று உருப்படியாக வேலை செய்கிறது.

கருவிகளுக்குள் இருக்கும் பள்ளங்கள்

இனி நடைமுறையில் உள்ள டாஷ்போர்டுக் கருவிகளுக்கு வருவோம். இங்கேதான் விஷயம் ஆழமாகிறது.

பவர் பிஐயில் ஒரு பணிவெளிக்குள் நான்கு பொறுப்புகள் உண்டு: அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர், வியூவர். 'இந்த மின்னஞ்சலுக்குரியவர் இந்த மண்டலத்தை மட்டும் பார்க்கட்டும்' என்று வரிசை விதி எழுதிவிடலாம். ஆனால் அந்த விதி வியூவரைத்தான் கட்டுப்படுத்தும். மற்ற மூவரும் திருத்தும் உரிமை உள்ளவர்கள் என்பதால் எல்லா வரிசைகளும் அவர்களுக்குத் தெரியும். மைக்ரோசாஃப்டின் ஆவணங்களில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது. அலுவலகத்தில் நடப்பதோ வேறு. ஒருவருக்கு ரிப்போர்ட் திறக்கவில்லை, கூட்டம் தொடங்கப் போகிறது, யாரோ அவசரத்தில் அவரை மெம்பராகச் சேர்த்துவிடுகிறார்கள். ரிப்போர்ட் திறந்துவிடும். அதோடு நாட்டிலுள்ள எல்லாக் கிளைகளின் லாபமும் திறந்துவிடும். பார்ப்பவருக்கு இது தவறு என்று தெரியாது, சேர்த்தவருக்கும் தெரியாது. பிழைச்செய்தி எதுவும் வராத தவறு இது.

ஒருவர் இரண்டு குழுக்களில் இருந்தால் என்ன ஆகும் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. பவர் பிஐயில் ஒருவருக்கு இரண்டு வரிசைப் பொறுப்புகள் இருந்தால் இரண்டிலும் உள்ளவை கூடிக் கிடைக்கும். மெட்டாபேஸ் கருவியிலும் குழுக்களுக்குள் தாராளமான அனுமதியே வெல்லும். அங்கே எல்லாப் பயனரும் தானாகவே 'ஆல் யூசர்ஸ்' குழுவில் சேர்க்கப்படுகிறார்கள். அந்தக் குழுவுக்குக் கதவு திறந்திருந்தால், பக்கத்தில் எவ்வளவு கவனமாக வேறு குழுக்களை அமைத்தாலும் பயனில்லை. புதிதாக ஒரு கருவியை நிறுவுபவர் முதலில் மூட வேண்டியது இந்தப் பொதுக்குழுவைத்தான்.

டேப்லோவில், திறந்து பார்ப்பவரின் பெயரை வைத்து வரிசைகளை வடிகட்டும் வசதி உண்டு. அந்த வடிகட்டியைப் பணிப்புத்தகத்துக்குள்ளேயே வைத்தால், புத்தகத்தைப் பதிவிறக்கித் திருத்தும் உரிமை பெற்றவர் அதை எடுத்துவிடலாம். அதனால்தான் பிற்காலத்தில் டேப்லோ, வடிகட்டும் கொள்கையைத் தரவு இணைப்பிலேயே வைக்கும் வழியைத் தந்தது. லுக்கர் தொடக்கத்திலிருந்தே கேள்வியை நேரே கிடங்குக்கு அனுப்பும் போக்குடையது. பயனரின் பண்புகளை வைத்து ஒவ்வொரு கேள்விக்கும் நிபந்தனை சேர்க்க அதில் முடியும். ஸ்டோன்பிரேக்கரும் வாங்கும் சொன்னதற்கு மிக அருகில் வரும் அமைப்பு அதுதான். அந்த வகையில் என் சாய்வு லுக்கரின் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான பெரிய பள்ளம் ஒன்று உண்டு. டாஷ்போர்டு தரவுத்தளத்தோடு பேசும்போது யாருடைய பெயரில் பேசுகிறது? பெரும்பாலும் ஒரே ஒரு பொதுக் கணக்கின் பெயரில். தரவுத்தளத்தில் அருமையாக வரிசை விதிகள் எழுதியிருப்பார்கள். ஆனால் வந்து கேட்பது எப்போதும் அந்தப் பொதுக் கணக்கே என்பதால், தரவுத்தளம் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடும். திரைக்குப் பின்னால் இருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. அதிக உரிமையுள்ள ஒரு நிரல், உரிமை குறைந்த ஒருவருக்காக வேலை செய்யும்போது ஏமாறும் இந்த நிலையை 1988இல் நார்ம் ஹார்டி விளக்கியிருக்கிறார். தரவைப் பிரதியெடுத்துக் கருவிக்குள் வைத்துக்கொள்ளும்போதும் இதே கதைதான். வேகத்துக்காக இரவில் எடுத்த பிரதி, யார் கணக்கில் எடுக்கப்பட்டதோ அவருடைய பார்வையைச் சுமந்துகொண்டு வரும். மூலத்திலிருந்த வரிசை விதிகள் கூடவே வருவதில்லை. காலையில் தானாக மின்னஞ்சலில் போகும் ரிப்போர்ட்டுக்கும் அதே சோதனை தேவை: அது யாருடைய கண் வழியாகத் தயாரானது என்று பார்க்க வேண்டும். பயனரின் அடையாளத்தைக் கிடங்கு வரை கொண்டுபோகும் இணைப்பு முறை கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். சம்பளம், உடல்நலம் போன்ற அட்டவணைகளுக்கு அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மறைத்ததும் கொடுக்காததும்

2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் உரிமைக் கேள்வி ஒன்றுக்குப் பதிலாக ஓர் எக்செல் கோப்பை வெளியிட்டது. கேட்கப்பட்டது எந்தப் பதவியில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும். கோப்புக்குள் மறைந்திருந்த இன்னொரு தாளில் 9,483 காவலர்கள், ஊழியர்களின் குடும்பப்பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் ஆகியவை இருந்தன. தாங்கள் காவல்துறையில் இருப்பதை உறவினரிடம்கூடச் சொல்லாமல் வாழ்பவர்கள் உள்ள நாடு அது. சிலருக்கு வீடு மாற வேண்டிய நிலை வந்தது. பிரிட்டனின் தகவல் ஆணையர் 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தார்.

அது டாஷ்போர்டு அல்லதான். ஆனால் தொகையைக் காட்டும் படத்துக்கு அடியில் அந்தத் தொகையை உண்டாக்கிய வரிசைகள் அப்படியே கிடப்பது டாஷ்போர்டுகளின் அன்றாட நிலை. ஒரு நெடுவரிசையை 'மறை' என்று குறித்தால் அது பட்டியலில் தெரியாமல் போகும், அவ்வளவே. தரவு மாடலைத் தொட உரிமை உள்ளவருக்கு அது அங்கேயே இருக்கிறது. 'எக்செலுக்கு ஏற்றுமதி' என்ற பொத்தான் பல இடங்களில் கேட்பாரின்றித் திறந்திருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் அனலிட்டிக்ஸ் கருவி, ஒரு ரிப்போர்ட்டைப் பகிரும்போது, பார்ப்பது, ஏற்றுமதி செய்வது, படத்துக்கு அடியிலுள்ள தரவைத் திறப்பது ஆகியவற்றைத் தனித்தனி அனுமதிகளாக வைத்திருக்கிறது. இந்தப் பிரிவினை சரியானது. மூன்றையும் ஒரே டிக்கில் கொடுத்துவிடும் பழக்கம்தான் தவறு.

தொடக்க அமைப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று 2021 ஆகஸ்டில் உலகம் பார்த்தது. மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ் போர்ட்டல்களில் அட்டவணை அனுமதி என்ற அமைப்பைத் தனியாக இயக்க வேண்டியிருந்தது. இயக்காதவர்களின் பட்டியல்கள் பொதுவெளியில் யாருக்கும் கிடைத்தன. அப்கார்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட கணக்குப்படி 47 அமைப்புகளின் 3 கோடியே 80 லட்சம் பதிவுகள் அப்படித் திறந்து கிடந்தன. கோவிட் தொடர்பறிதல் விவரங்களும் தடுப்பூசி முன்பதிவுகளும் அவற்றில் அடக்கம். பெரிய நிறுவனங்களும் மாநில அரசுத் துறைகளும் இதில் தவறின. அதன் பிறகுதான் தொடக்க அமைப்பு மூடிய பக்கம் மாற்றப்பட்டது. 1975இல் சால்ட்சரும் ஷ்ரோடரும் எழுதிவைத்த இரண்டாவது நெறி, நாற்பத்தாறு ஆண்டு கழித்து.

தொகைகளை மட்டும் காட்டினால் ஆபத்து இல்லை என்றும் நினைக்கக் கூடாது. ஒரு துறையில் இந்த மாதம் 10 பேர், சராசரிச் சம்பளம் 60,000 ரூபாய். அடுத்த மாதம் ஒருவர் விலகியபின் 9 பேர், சராசரி 55,000. பெருக்கிக் கழித்தால் விலகியவர் வாங்கியது 1,05,000 என்று தெரிந்துவிடும். ஒரு பெயரும் திரையில் வரவில்லை. சிறு குழுக்களின் எண்களைத் தடுத்துவிட்டால்கூட, பெரிய குழுக்களைப் பற்றிய கேள்விகளைச் சாமர்த்தியமாகச் சேர்த்துக் கழித்துத் தனி ஆளைப் பிடிக்கலாம் என்று டோரதி டென்னிங், பீட்டர் டென்னிங், மேயர் ஷ்வார்ட்ஸ் மூவரும் 1979இலேயே நிறுவினார்கள். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. ஐந்து அல்லது பத்துப் பேருக்குக் குறைந்த குழுவின் எண்ணைக் காட்டாதிருப்பது, சம்பளம் போன்றவற்றில் வடிகட்டிகளின் எண்ணிக்கையைக் குறைப்பது, எண்களை நூறுக்கோ ஆயிரத்துக்கோ முழுமையாக்குவது ஆகியவை ஆபத்தைக் குறைக்கும். மனிதவளத் துறையின் டாஷ்போர்டில் பத்து வடிகட்டிகளை வரிசையாக வைப்பது வசதியாகத் தெரியலாம். அது தனி ஊழியரை நோக்கி விரல் நீட்டும் கருவியாகிவிடும்.

இந்தியச் சட்டத்தின் கண்ணில்

பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு கோணம் உண்டு. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் 2015ஆம் ஆண்டு உள்வணிகத் தடை விதிகளின்படி, வெளியிடப்படாத நிதி முடிவுகள் பங்கு விலையைப் பாதிக்கும் தகவல்கள். காலாண்டு முடிந்ததிலிருந்து முடிவுகள் அறிவிக்கப்பட்டு 48 மணி நேரம் ஆகும்வரை, தகவல் அறிந்தவர்களுக்கான பங்கு வணிகச் சாளரம் மூடியிருக்கும். அப்படியானால் மொத்த விற்பனையையும் லாப விகிதத்தையும் நாள்தோறும் காட்டும் டாஷ்போர்டு என்ன? முடிவுகள் அறிவிக்கப்படும் முன்பே அவற்றை ஏறத்தாழ அறியத்தரும் திரை அது. இத்தகைய தகவல் யாரோடு பகிரப்படுகிறது என்பதை அவர்களுடைய பான் எண்ணோடும் நேரப் பதிவோடும் கணினித் தரவுத்தளத்தில் நிறுவனமே குறித்துவைக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. இயக்குநர் குழுவுக்கு அனுப்பும் பிடிஎஃப் கோப்பை அதில் கவனமாகக் குறித்துவிட்டு, அதே எண்களை இருநூறு பேர் திறந்து பார்க்கும் டாஷ்போர்டை மறந்துவிட்டால், அந்தப் பதிவேட்டுக்குப் பொருளில்லை. இந்திய நிறுவனங்கள் சிலவற்றின் காலாண்டு எண்கள் அறிவிப்புக்கு முன்பே வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியதாக 2017இல் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டு, செபி விசாரணையில் இறங்கியது நினைவிருக்கலாம். நிறுவன அளவிலான மொத்தத் தொகைகளுக்குத் தனிப் பூட்டு வேண்டும். கிளை மேலாளருக்குத் தம் கிளையின் எண் போதும்.

தனிநபர் தகவலுக்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் வெளியான விதிகள், தரவை அணுகுவதைக் கட்டுப்படுத்துவதையும், யார் அணுகினார்கள் என்ற பதிவை ஓராண்டு வைத்திருப்பதையும் பாதுகாப்பு ஏற்பாட்டின் பகுதியாக்கியிருக்கின்றன. பதிவை வைத்திருந்தால் மட்டும் போதாது, யாராவது படிக்க வேண்டும். ஊபர் செய்த தவறு அங்கேதான்.

கொடுத்ததைத் திரும்ப எடுப்பது

வேலைக்குச் சேர்பவருக்கு அனுமதி கொடுப்பதில் அவசரம் இருக்கும். வேலையை விட்டுப் போகிறவரின் கணக்கை மூட, நிறுவன லாகினோடு கருவியை இணைத்திருந்தால் ஒரே சொடுக்கு போதும். நடுவில் இருப்பவர்தான் சிக்கல்: துறை மாறுபவர். வாங்கல் பிரிவிலிருந்து விற்பனைக்கு, அங்கிருந்து கணக்குப் பிரிவுக்கு என்று மாறிவந்த பழைய ஊழியரிடம் மூன்று பிரிவுகளின் அனுமதியும் சேர்ந்திருக்கும். ஆர்டர் போடுவதும் பணம் கொடுப்பதும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்ற பழைய கணக்கியல் நெறியை இது சத்தமில்லாமல் உடைக்கிறது. அனுமதியை ஆளின் பெயரில் தராமல், மனிதவளப் பதிவில் உள்ள துறையிலிருந்து தானாக வரும்படி அமைத்தால் மட்டுமே இது தீரும்.

2024இல் ஸ்னோஃப்ளேக் தரவுக் கிடங்கைப் பயன்படுத்திய நிறுவனங்களுக்கு நேர்ந்த தரவுத் திருட்டும் ஒருவகையில் திரும்ப எடுக்காததன் விளைவே. டிக்கெட்மாஸ்டரும் ஏடி அண்ட் டியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஏறத்தாழ 165 அமைப்புகளுக்கு எச்சரிக்கை அனுப்பப்பட்டது. தாக்கியவர்கள் பயன்படுத்தியது உளவு மென்பொருள்கள் திருடிய கடவுச்சொற்களை. அவற்றில் சில 2020இலேயே திருடப்பட்டவை. நான்கு ஆண்டாக யாரும் மாற்றவில்லை, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் அந்தக் கணக்குகளில் இல்லை.

இவ்வளவு சொன்னபின் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டும் நிறுவனங்களில் தரவு பாதுகாப்பாக இருப்பதில்லை. அனுமதிக்கு இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தால், பக்கத்து மேசைக்காரரிடம் எக்செல் கேட்பார்கள், திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். அந்தப் பிரதிகளைக் கிரிஃபித்ஸ்–வேட் முறையாலும் திரும்ப எடுக்க முடியாது. பெரும்பாலான மொத்தத் தொகைகளை நிறுவனத்துக்குள் தயங்காமல் திறந்துவிடலாம் என்பது என் கருத்து. தனிமனிதரின் வரிசைக்கு இறங்கும் இடத்தில் காரணம் கேட்க வேண்டும். கொடுக்கும் அனுமதிக்கு முடிவுத் தேதி வைக்க வேண்டும். ஒப்புதல் தருவது கணினிப் பிரிவாக இல்லாமல், அந்தத் தரவுக்குப் பொறுப்பான துறையாக இருக்க வேண்டும். சம்பளத் தரவை யார் பார்க்கலாம் என்று கணினிப் பிரிவுக்கு எப்படித் தெரியும்? வெளியிடும் முன், பவர் பிஐயில் 'இந்தப் பொறுப்பாகப் பார்' என்ற வசதியைக் கொண்டு மற்றவர் கண்ணால் ஒருமுறை திறந்து பார்த்தால் பல தவறுகள் அங்கேயே பிடிபடும்.

இப்போது டாஷ்போர்டுகளில் உரையாடல் கருவிகள் நுழைந்துகொண்டிருக்கின்றன. 'போன மாதம் எந்தக் கிளையில் நஷ்டம்?' என்று தமிழிலேயே கேட்டால் பதில் வருகிறது. படம் வரைந்து பகிர்ந்த காலத்தில், எந்தக் கேள்விக்கு விடை தெரியலாம் என்று முன்கூட்டியே யாரோ ஒருவர் தீர்மானித்தார். இனி கேள்வி எதுவாகவும் இருக்கலாம். டென்னிங் குழுவினர் காட்டிய கழித்தல் கணக்கை, கேட்பவர் அறியாமலே கருவி போட்டுக் கொடுத்துவிடலாம். அது பொதுக் கணக்கின் பெயரில் கிடங்கைத் தொட்டால், அல்லது எல்லா வரிசைகளையும் முன்பே படித்துத் தனக்கென்று ஒரு பிரதி வைத்திருந்தால், திரையில் எழுதிய எந்த விதியும் அதைக் கட்டாது. கேட்பவரின் அடையாளத்தோடு கிடங்கு வரை போகாத எந்த உரையாடல் கருவியையும் சம்பளம், நோய், கடன் ஆகிய அட்டவணைகளோடு இணைக்கக் கூடாது. கிளை அளவிலான விற்பனைத் தொகைகளை முதலில் கொடுத்து, யார் என்ன கேட்டார்கள் என்ற பதிவை ஒரு காலாண்டுக்குப் படித்துப் பார்த்துவிட்டு, மற்ற அட்டவணைகளைப் பற்றி அந்தந்தத் துறைகள் அதன் பிறகு முடிவு செய்யட்டும்.